வண்டி நின்ற இடம்

ரஸ் கண்டெடுத்த தங்கக்கட்டியைக் கௌரவிக்க ஒரு பஸ் பிடித்துப் போனோம். நாற்பது பேர். முப்பத்தொன்பது பேருக்கு வாயெல்லாம் பல். நாற்பதாவது ஆள் நான். எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இதை நான் மறைத்துச் சொல்லப் போவதில்லை. மறைத்தாலும் எங்கள் சங்கத்தில் ஒருத்தன் நம்ப மாட்டான்.

எங்களுடையது வாரிங்கல் தங்கம் தேடுவோர் சங்கம். சனி ஞாயிறு வந்தால், மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் சத்தம் போடுகிற டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவோம். நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் உலகமே திரண்டு வந்து தோண்டிவிட்டுப் போன மண் இது. அவர்கள் கண்ணில் படாமல் விட்டுப்போனதைப் பொறுக்குவது எங்கள் வேலை. வேலை என்று சொன்னால் என் மனைவி நோலீன் சிரிப்பாள். இருபத்தாறு வருஷமாகப் பொறுக்குகிறேன். பொறுக்கியதையெல்லாம் சேர்த்தால் ஒரு ஜாம் பாட்டில் மூடி நிறையும், அதுவும் தலை தட்டி.

ரஸ் சங்கத்தில் சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகிறது. டிடெக்டரை எப்படிப் பிடிப்பது, தரையை உரசாமல் எப்படி வீசுவது, ஆணியின் சத்தத்துக்கும் தங்கத்தின் சத்தத்துக்கும் என்ன வித்தியாசம், தோண்டிய குழியை எப்படி மூடுவது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. ஆளுக்குப் பேச்சே வராது. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போன பிறகு ஒரு நாயோடு தனியாகக் குடியிருக்கிறான். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான். அப்படித் தலையாட்டிக்கொண்டே இருந்தவன் போன பிப்ரவரியில் பதினோரு அவுன்ஸில், முந்நூறு கிராமுக்கு மேல், ஒற்றைக் கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்து, கோழிக்கால் மாதிரி ஒரு கட்டி. பேப்பரில் படம் வந்தது. சங்கத்தில் அதற்குக் கோழிக்கால் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவன் அதைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து காட்டிய சாயங்காலம் எனக்கு முதுகு வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

எங்கே கிடைத்தது என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. எங்கள் கூட்டத்தில் அதைக் கேட்கக் கூடாது. மீறி எவனாவது கேட்டால், வடக்கே கிடைத்ததைத் தெற்கே என்று சொல்வது வழக்கம். கேட்டவனும் நம்பாமல் தலையாட்டிவிட்டுப் போவான். தன் இடத்தைச் சொந்த மகனிடம்கூடச் சொல்லாமல் செத்துப்போனவர்கள் எங்கள் சங்கத்தில் உண்டு. ரஸ் தானாகவே வடக்குக் குன்றுப் பக்கம் என்றானாம். ஆகவே வடக்கு இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தக் கட்டியை ஒரு வருஷம் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று டன்வர்த் ஹில்லில் கேட்டார்கள். பழைய தங்க வயல் ஊரை அப்படியே கட்டி, வேஷம் போட்ட ஆட்களைத் தெருவில் உலவவிட்டு, டிக்கெட் போட்டுக் காட்டுகிற இடம் அது. கொல்லன் நிஜமாகவே லாடம் அடிப்பான். மிட்டாய்க் கடையில் நிஜமாகவே பாகு காய்ச்சுவார்கள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, அந்தக் காலத்தில் தங்க வயலுக்கு அதிகாரியாக இருந்த தங்க ஆணையர் வேஷக்காரர் கட்டியை ரஸ் கையில் கொடுத்து, ஊரறியப் பேர் சொல்லிப் பாராட்டுவார் என்றும், சங்கம் முழுக்க வந்து சிறப்பிக்க வேண்டும் என்றும் அழைப்பு வந்தது. முதுகு வலி என்று இரண்டாம் தடவை சொல்ல முடியாது.

அன்றைக்கு நோலீன் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். வியாழக்கிழமையே கடைக்குப் போய்த் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். புது நீல ஸ்வெட்டர், காதில் முத்துத் தோடு. எங்கள் மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் இவ்வளவு மெனக்கெடவில்லை. யாருக்காக இந்த அலங்காரம் என்று கேட்டேன். கோழிக்காலுக்காக என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் பாதி வழியில் என் பக்கத்திலிருந்து எழுந்து போய் ரஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பேசவே தெரியாத அந்த மனுஷன் அவளிடம் பேசினான். முன்சீட்டிலிருந்த சங்கத் தலைவர் டெஸ்மண்ட் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆடுகளை எண்ணினேன்.

வாசலைத் தாண்டியதும் சிவப்புக் கோட்டு சிப்பாய் ஒருத்தன் துப்பாக்கியை நீட்டி, தோண்ட உரிமச் சீட்டு இருக்கிறதா என்று அதட்டினான். வருகிறவர்களை இப்படி மிரட்டி, சீட்டு இல்லாதவர்களைக் கூண்டில் அடைத்து போட்டோ எடுக்க விடுவது அங்கே வாடிக்கை. எங்கள் ஆட்கள் பர்ஸில் எப்போதும் அரசாங்கம் கொடுத்த அசல் உரிமச் சீட்டு இருக்கும். நாற்பது பேரும் ஒன்றாக எடுத்து நீட்டியதும் சிப்பாய்க்கு வசனம் மறந்துபோனது. நோலீன்கூட ஒன்று எடுத்து நீட்டினாள். மடிப்புக் கலையாத புதுச் சீட்டு. அவளுக்கு எதற்குச் சீட்டு என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அவள் சிரித்துக்கொண்டே ரஸ் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளும் பக்கத்தில்தான் இருந்தது.

அடுத்து ஓடை. தட்டில் மண்ணை அள்ளித் தண்ணீரில் சுழற்றி அலசினால், மண் போய் அடியில் தங்கத் துகள் நிற்கும். ஊர்ப்பட்ட சனம் குனிந்து நின்று அலசிக்கொண்டிருந்தது. அந்த ஓடைத் தங்கத்தில் என்ன பெருமை இருக்கிறது? தினமும் காலையில் ஆட்கள் வந்து கரண்டிக் கணக்கில் தூவிவிட்டுப் போகிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் இதே ஓடைக்கு வந்திருக்கிறோம். நோலீன் தட்டில் ஒரு துளி நின்றது. என் தட்டில் நிற்கவில்லை. இதையேதான் அன்றைக்கும் அவளிடம் சொன்னேன், தூவி வைத்த தங்கம் என்று. அவள் அந்தத் துளியைச் சின்ன பாட்டிலில் போட்டுச் சமையலறை ஜன்னலில் கொஞ்ச நாள் வைத்திருந்தாள். பிறகு அது எங்கே போனதோ தெரியாது.

பதினோரு மணிக்குத் தங்க அலுவலகத்துக்குள் போனோம். கோழிக்கால் கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்பு வெல்வெட் துணிமேல், விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. 'கண்டெடுத்தவர்: ரஸ் டிராண்டர்' என்று கீழே அட்டை. எங்கள் ஆட்கள் ஒவ்வொருத்தராக அடேங்கப்பா, அடேங்கப்பா என்று சொல்லி நகர்ந்தார்கள். நோலீன் பெட்டியைப் பார்க்காமல் சுவரோரமாக நின்று, பார்க்கிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்ததும் குனிந்து பார்த்தேன்.

அது என் பள்ளத்துத் தங்கம்.

வெளி ஆளுக்குத் தங்கமெல்லாம் ஒரே தங்கம்தான். எங்களுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு பள்ளத்துத் தங்கத்துக்கும் ஒரு முகம் உண்டு. ஒன்று சிவந்திருக்கும், ஒன்று மழுங்கியிருக்கும், ஒன்றில் இரும்புக்கல் ஒட்டியிருக்கும். என் பள்ளத்துத் தங்கம் வெளிறின மஞ்சள். அதில் ஒட்டியிருக்கிற வெங்கச்சங்கல்லில் லேசாகப் பச்சை ஓடும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அந்தப் பச்சையை நான் பார்த்ததில்லை. கோழிக்காலின் எலும்புப் பக்கம் அந்தப் பச்சை இருந்தது. தடித்த பக்கத்தில் புதிதாக ஒரு கீறலும் மின்னியது. மண்கொத்தியை எப்படிப் போடுவது என்றுகூடத் தெரியாதவன், கீறி வைத்திருக்கிறான் பார் என்று மனசுக்குள் திட்டினேன்.

காட்டுக்குள் இருபத்தாறு வருஷமாக நான் தேடுகிற அந்தப் பள்ளத்தை ஒருத்தனுக்கும் சொன்னதில்லை. வண்டித் தடம் தெரியக் கூடாதென்று சாலையிலிருந்து திரும்பும்போது இறங்கிக் கிளையால் பெருக்கிவிட்டுப் போகிற ஆள் நான். அந்த இடம் தெரிந்த இன்னொரு ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு என்னோடு வந்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுகிற நோலீன்.

காட்டிக் கொடுத்தவள் அவள்தான். வேறு எப்படி? அவனிடம் எத்தனை நாளாகப் பேசுகிறாளோ, நான் இல்லாதபோது வீட்டுக்கு வருகிறானோ, நாயையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறானோ என்று புத்தி எங்கெங்கோ போனது. தங்கம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த நிமிஷம் தங்கத்தைவிடப் பெரிதாக ஒன்று என் கையைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. முப்பது வருஷமாக என்னோடு இருப்பவள், அவனிடம் சொல்வதற்கு என்ன வைத்திருக்கிறாள்?

மத்தியானம் எல்லோரும் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட 'மீட் பை' வாங்கிக்கொண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். நான் சாஸ் எடுத்துக்கொண்டு திரும்பினால் நோலீனையும் காணோம், ரஸ்ஸையும் காணோம். கொல்லன் பட்டறைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ரஸ் ஏதோ கெஞ்சுகிற மாதிரி சொன்னான். அவள் முடியாது என்று தலையாட்டி, அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவள் ஓடைப் பக்கம் நடந்தாள். நான் 'மீட் பை'யைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.

ஓடையோரம் ஆளில்லாத பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். நான் உட்காரவில்லை.

"என் பள்ளத்த அவனுக்குக் காட்டிக் குடுத்துட்டியா நீ?"

எதை வைத்துக் கேட்கிறாய் என்றுகூட அவள் கேட்கவில்லை. "கட்டியப் பார்த்தே கண்டுபுடிச்சிட்டியா? பரவாயில்லையே," என்றாள்.

"காட்டினியா, இல்லையா?"

"இல்ல."

"பின்ன அவன் எப்படிக் கண்டுபுடிச்சான்?"

"அவன் கண்டுபுடிக்கல, கிளைவ். நான் கண்டுபுடிச்சேன்."

அதற்குப் பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். போன ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. பள்ளத்தில் இரண்டாகப் பிளந்து நிற்கிற பெரிய யூகலிப்டஸ் மரத்து நிழலில்தான் நான் எப்போதும் வண்டியை நிறுத்துவேன். அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய கிளை ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் விழப் போகிறதென்று வண்டியைத் தள்ளி வேலியோரம் நிறுத்திவிட்டு நான் போய்விட்டேன். அவள் அந்தக் கிளையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள். வண்டி வழக்கமாக நிற்கிற இடத்தில் நாற்காலியை விரித்தாள், சக்கரம் ஏறி ஏறி அந்த இடம்தான் சமமாக இருக்கிறது என்று. நாற்காலியின் ஒரு கால் ஆடியது. சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவுகிற கத்தியால் காலுக்கடியில் சுரண்டினாள். கல் தட்டியது. கல்லை நெம்பினால் வரவில்லை. துடைத்துப் பார்த்தால் மஞ்சள்.

டிடெக்டர்காரன் எவனும் தன் வண்டிக்குப் பக்கத்தில் தேட மாட்டான். வண்டி அத்தனையும் இரும்பு. பக்கத்தில் போனாலே காதில் மாட்டியிருக்கிற கருவி அலறும். இறங்கி முப்பது அடி நடந்த பிறகுதான் சுவிட்சைப் போடுவோம். இதை ரஸ்ஸுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இருபத்தாறு வருஷமாக அந்தப் பள்ளத்தை அங்குலம் அங்குலமாக அலசியிருக்கிறேன், என் வண்டி நின்ற இடத்தைத் தவிர.

"உன்கிட்ட காட்டலாம்னுதான் ரொட்டிப் பையில போட்டு மடியில வெச்சிட்டிருந்தேன்," என்றாள். "நீ வந்த. நாலு ஈயக் குண்டும் ஒரு மத்தி மீன் டப்பாவும் கெடைச்சிருந்துச்சு உனக்கு. டெஸ்மண்டுக்கு அரை அவுன்ஸ் கெடைச்சிருக்குனு போன்ல யாரோ சொன்னாங்க. வீடு வர வரைக்கும் அந்த மனுஷனத் திட்டிக்கிட்டே வந்த. அரை அவுன்ஸுக்கு அந்தத் திட்டு. என் மடியில பதினொண்ணு இருந்துச்சு."

வீட்டுக்குப் போய் மாவு டின்னுக்குள் போட்டு மூடியிருக்கிறாள். நான் மாவு டின்னைத் திறக்கிற ஆள் இல்லை. அடுத்த வாரமே போய் உரிமச் சீட்டு எடுத்திருக்கிறாள், ஒருவேளை இன்னொன்று கிடைத்தால் என்று. ஆறு மாதம் ரொட்டிக்கு மாவு எடுக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு, நாலு பேர் அதைப் பார்த்து அடேங்கப்பா என்று சொல்வதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ரஸ்ஸிடம் கொடுத்து, நீ கண்டெடுத்ததாகச் சொல் என்றிருக்கிறாள். எங்கே கிடைத்தது என்று எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ரஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டானாம், கிளைவுக்குத் தெரியுமா என்று. இப்போது பட்டறைக்குப் பின்னால், மேடையில் நீயே ஏறு என்று கெஞ்சியிருக்கிறான். அவள் மறுத்துவிட்டாள்.

நான் அப்போது என்ன நினைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். காட்டிக் கொடுக்கவில்லை, அவனோடு ஒன்றும் இல்லை, என் நோலீன் என் நோலீனாகவே இருக்கிறாள் என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். பதினோரு அவுன்ஸ் கட்டியை வெண்ணெய்க் கத்தியால் தோண்டி எடுத்த பெண்டாட்டியைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். வரவில்லை. ரஸ்மேல் எரிந்த வயிறு அப்படியே திரும்பி இவள்மேல் எரிந்தது, இன்னும் அதிகமாக. நடந்து நடந்து கால் தேய்ந்த எனக்கு இல்லாமல், நாற்காலி போட்டு உட்கார்ந்தவளுக்குக் கிடைத்திருக்கிறது. என் மரம், என் நிழல், என் வண்டிக்கு அடியில். வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான்.

"எவ்வளவு ஆழம்?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இதோ, இந்த மூஞ்சி. இதுக்காகத்தான் சொல்லல. ரஸ்ஸுக்குக் கெடைச்சதுன்னா நாலு மாசம் திட்டுவ, அப்புறம் மறந்துடுவ. எனக்குக் கெடைச்சதுன்னா? இதே ஓடையில ஒரு துளி எனக்குக் கெடைச்சதுக்கு வழி பூரா வாயத் தொறக்கல நீ. வீட்டுக்குப் போயும் மூணு நாள் பேசல. கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகல அப்ப. பதினொரு அவுன்ஸுக்கு எத்தனை வருஷம் பேசாம இருப்பேன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வயசு பத்தாது."

ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டாள். அந்த மூன்று நாள் எனக்கு ஞாபகமே இல்லை. பேசாமல் இருந்தவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

இரண்டு மணிக்கு மணி அடித்தார்கள். தங்க அலுவலகத்துக்கு முன்னால் சின்ன மேடை. சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி வெடித்தார்கள். எங்கள் ஆட்களும் சுற்றுலா வந்தவர்களுமாகத் தெரு நிறைந்திருந்தது. நான் கடைசியில் நின்றேன். ஆணையர் வேஷக்காரர் உயரமான தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு, சுருளைப் பிரித்து, அரசியாரின் பெயரால் என்று ஆரம்பித்து, ரஸ் டிராண்டர் என்னும் அதிர்ஷ்டசாலியின் கண்ணில் பட்ட இந்தக் கட்டி என்று முடித்தார். ரஸ் மேடையில் நின்றான். கட்டியைப் பச்சைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கூட்டத்தில் யாரையோ தேடினான்.

அவன் தேடிய இடத்தை நானும் பார்த்தேன். நோலீன் மூன்றாவது வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் அகலமான தொப்பி வைத்த ஒரு பெண். நோலீனுக்கு மேடை தெரியவில்லை. சுருட்டிவிட்ட முடியும் புது ஸ்வெட்டருமாகக் குதிகாலைத் தூக்கி, தான் கண்டெடுத்த கட்டியைத் தானே எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அவன் கண்டுபுடிச்சது இல்ல," என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. தெரு முழுக்கத் திரும்பியது. முதலில் சிரித்தவர் டெஸ்மண்ட்.

"ஆரம்பிச்சிட்டான்யா. காதுல புகை வருது பாருங்க," என்றார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை மாதம் எப்படிப் பொறுத்திருந்தானோ என்று ஒருத்தர் சொன்னார்.

"என் பொண்டாட்டி கண்டுபுடிச்சது அது. நோலீன்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. தனக்கு இல்லையென்றால் தன் வீட்டுக்காவது இழுக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். வேஷக்கார சிப்பாய், கூண்டில் போடட்டுமா என்று ஆணையரைக் கேட்டான். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொருத்தன் கண்டெடுத்ததிலும் நொட்டைச் சொல் சொன்னவன் நான். உண்மையைச் சொல்கிறேன் என்று இப்போது எந்த மடையன் நம்புவான்? ரஸ் வாயைத் திறந்தான். நோலீன் அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் மூடிக்கொண்டான்.

அவர்களை நம்பவைக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மோரன் கிரீக் ரோட்டுல பழைய சர்ச் தாண்டி ரெண்டாவது கேட்," என்றேன். "உள்ள போயி இடது கைப் பக்கம், வேலியோரமா ஒன்றரை கிலோமீட்டர். ரெண்டாப் பொளந்து நிக்கிற பெரிய யூகலிப்டஸ் மரம். அது நிழல்ல நான் வண்டி நிறுத்துற எடம். அந்த எடத்துலதான் கெடைச்சது. இருபத்தாறு வருஷமா அது என் பள்ளம்."

எங்கள் ஆட்களின் சிரிப்பு நின்றுபோனது. சுற்றுலா வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. எங்கள் முப்பத்தொன்பது பேருக்கும் புரிந்தது. பொறாமையில் ஒருத்தன் என்னவெல்லாமோ சொல்வான். தன் இடத்தைச் சொல்ல மாட்டான். டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ மெதுவாக, "பைத்தியமாடா உனக்கு," என்றார்கள். இரண்டு பேர் போனில் மேப்பைத் திறந்ததையும் பார்த்தேன். வரும் சனிக்கிழமை அந்த மரத்தடியில் இருபது வண்டி நிற்கும்.

"ஆமா," என்றான் ரஸ். "நோலீனோடது. நான் சும்மா வெச்சிருந்தேன்." அவன் மேடையில் பேசியது அவ்வளவுதான்.

தொப்பிப் பெண் விலகி வழிவிட்டாள். நோலீன் மேடையில் ஏறினாள். ரஸ் கட்டியை அவள் கையில் வைத்தான். செய்தி எழுத வந்திருந்த பேப்பர்காரப் பெண் எப்படிக் கிடைத்தது என்று கேட்க, நோலீன் நாற்காலிக் கால் ஆடியதையும் வெண்ணெய்க் கத்தியையும் சொன்னாள். தெருவே அடேங்கப்பா என்றது. கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது வந்த அடேங்கப்பா இல்லை இது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். ஆணையர் தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தார். முடிச் சுருளெல்லாம் நசுங்கிப்போனது. அவள் கவலைப்படவில்லை. நான் கை தட்டினேன். தட்டும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆளாளுக்கு வந்து அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். டெஸ்மண்ட் ஒரு பேப்பர் நாப்கினில் என்னவோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்ததும் மடித்துப் பைக்குள் வைத்தார். ரஸ் முன்சீட்டில் தூங்கிப்போனான்.

"வயிறு எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியுது."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"பள்ளத்துக்காகவா, கட்டிக்காகவா?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டுக்கும்தான் என்றேன். அவள் தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, ஓடையோரம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"ரெண்டு இஞ்ச்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாரிங்கல் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னாலும் இதே சாலையில் அப்படித்தான் வந்தேனாம். அன்றைக்கு அவளும் பேசாமல் வந்திருக்கிறாள். இந்தத் தடவை அவள் வாய் ஓயவே இல்லை.